ஓநெட் சைட் ரிவ்யூ: காலேஜ் பசங்க தங்களுக்கு என்ன தெரியும்னு கண்டுபிடிக்க உருப்படியான ஒரு ஃப்ரீ டூல்

ரெஸ்யூம் எழுதணும்னு வர்ற காலேஜ் பசங்களுக்கு நான் இப்பல்லாம் முதல்ல திறந்து காட்டுறது ரெஸ்யூம் டெம்ப்ளேட் இல்ல, ஓநெட் ஆன்லைன்னு (O*NET OnLine) ஒவ்வொரு தொழில்லயும் என்னென்ன வேலை பண்றாங்கன்னு விவரிக்கிற ஒரு சைட். அமெரிக்க தொழிலாளர் துறை காசு போட்டு நடத்துறது, முழுக்க ஃப்ரீ, லாகின் கேக்காது, விளம்பரம் வராது, மெயில் ஐடி குடுத்தாதான் ரிசல்ட் காட்டுவேன்னு அடம் பிடிக்காது. கொஞ்ச வருஷமாவே பசங்களோட உட்கார்ந்து இத யூஸ் பண்ணிட்டு வர்றேன், அதனால இதுல எது கைகுடுக்குது எது குடுக்கலன்னு விரிவா எழுதிடலாம்னு தோணுச்சு. என் கருத்த முதல்லயே சொல்லிடுறேன், சைட் ரொம்ப நல்ல சைட், ஆனா எல்லாரும் நேரா போய் க்ளிக் பண்ற ஸ்கில்ஸ் பகுதிதான் அதுல இருக்குறதுலயே கம்மியா உதவுற பகுதி. டாஸ்க்ஸ்னு பக்கத்துலயே ஒரு பகுதி இருக்கு பாருங்க, சரக்கு பூரா அங்கதான் இருக்கு.

இது எதுக்கு வேணும்னு கேட்டா, பசங்ககிட்ட "உனக்கு என்னப்பா தெரியும்"னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் ரெண்டே ரெண்டு மாதிரி பதில்தான் வரும். ஒண்ணு "குட் கம்யூனிகேஷன், டீம் பிளேயர், லீடர்ஷிப், குயிக் லேர்னர்"னு மனப்பாடமா ஒப்பிக்கிறது. இன்னொண்ணு "எனக்கு பெருசா ஒண்ணும் தெரியாது மேம்"னு தலைய குனிஞ்சுக்கிறது. ரெண்டுமே உண்மை கிடையாது. முதல் ஆளுகிட்ட "லீடர்ஷிப்னு போட்டிருக்கியே, எங்க என்ன பண்ண, சொல்லு"ன்னா முழிப்பான், ஏன்னா அந்த வார்த்தைய சீனியரோட ரெஸ்யூம்ல இருந்து எடுத்திருப்பான். ரெண்டாவது பொண்ணு டிபார்ட்மெண்ட் ஃபங்ஷனோட மொத்த பட்ஜெட்டையும் தனியாளா பாத்திருப்பா, ஜூனியர்ஸ் நாலு பேருக்கு பரிட்சைக்கு முன்னாடி கணக்கு சொல்லிக் குடுத்து பாஸ் பண்ண வெச்சிருப்பா, ஆனா அதெல்லாம் "சும்மா ஹெல்ப் பண்ணேன் மேம்"னு சொல்லுவா. இந்தப் பொண்ணுக்கு புதுசா ஒரு கோர்ஸ் சேர்த்துவிட்டா பிரச்சனை தீராது, ஏற்கனவே கைல இருக்குறது அவ கண்ணுக்குத் தெரியணும், அதான் முதல் வேலை.

இது ஏதோ நம்ம பசங்க மட்டும் பண்றதுன்னு நினைச்சுக்காதீங்க. அமெரிக்காவுல நேஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, நேஷனல் அசோசியேஷன் ஆஃப் காலேஜஸ் அண்ட் எம்ப்ளாயர்ஸ், வேலைக்குத் தயாரா இருக்குறதுன்னா என்னன்னு 2015ல வரையறை போட்டு, 2021ல திருத்தி, இப்ப எட்டு திறமையா பிரிச்சு வெச்சிருக்காங்க. அவங்க ஜாப் அவுட்லுக் 2018 ரிப்போர்ட்டோட சேர்ந்து ஒரு ஒப்பீடு வந்துச்சு. புரொஃபஷனலிசம், அதாவது வேலை ஒழுக்கம், அதுல நான் நல்லா தேறியிருக்கேன்னு தன்னைத்தானே சொல்லிக்கிட்ட மாணவர்கள் 89.4 சதவீதம், புதுசா வர்றவங்க அதுல தேறியிருக்காங்கன்னு சொன்ன கம்பெனிகள் 42.5 சதவீதம்தான். பேச்சு எழுத்து ரெண்டும் சேர்ந்த கம்யூனிகேஷன்ல 79.4க்கு எதிரா 41.6. லீடர்ஷிப்ல 70.5க்கு எதிரா 33. எல்லாரும் இந்த நம்பர பாத்துட்டு பசங்களுக்கு தலைக்கனம்னு முடிவு பண்ணிடுவாங்க, ஆனா அதே டேபிள்ல டிஜிட்டல் டெக்னாலஜி வரிசைய பாருங்க, மாணவர்கள் 59.9, கம்பெனிகள் 65.8. அங்க பசங்க தங்களை கம்மியா போட்டுக்கிட்டாங்க! அப்ப இது திமிரும் இல்ல தாழ்வு மனப்பான்மையும் இல்ல, அளந்து பாக்க கைல அளவுகோலே இல்லாததுதான் காரணம்னு எனக்குத் தோணுது. "நல்லா பேசுவேன்"னா எவ்வளவு நல்லா, எதோட ஒப்பிட்டா நல்லா, அது யாரும் அவங்களுக்கு சொல்லிக் குடுக்கவே இல்ல.

ஓநெட் அந்த அளவுகோலத் தருது. 1930கள்ல இருந்து அமெரிக்காவுல தொழில் பேர் அகராதின்னு ஒரு தடிப் புத்தகம் போட்டுட்டு இருந்தாங்க, அதுக்கு பதிலா 1990கள் கடைசில வந்த டேட்டாபேஸ்தான் இது. இப்ப ஆயிரத்துக்கு மேல தொழில் தலைப்பு இருக்கு, அதுல 900 சொச்சத்துக்கு முழு டேட்டா இருக்கு. ஒரு தொழில க்ளிக் பண்ணா அதுல இருக்குறவங்க என்னென்ன வேலை பண்றாங்க, என்ன சாஃப்ட்வேர் யூஸ் பண்றாங்க, என்ன அறிவு வேணும், எப்படிப்பட்ட சூழல்ல வேலை, யாரோட எவ்வளவு பேசணும், எல்லாம் ஒரே பக்கத்துல வரும். 35 ஸ்கில், 33 அறிவுத் துறை, 52 இயல்பான திறன் (ஏபிலிட்டி), 41 பொதுவான வேலை வகைன்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. முதல்ல பாக்குறப்ப தலை சுத்தும், உண்மைதான், அதனாலதான் எங்க ஆரம்பிக்கணும்னு சொல்றது முக்கியம்.

ஃபங்ஷன் பட்ஜெட் பாத்த அந்தப் பொண்ணையே எடுத்துக்கோங்க. அவள ஸ்கில்ஸ் லிஸ்ட் முன்னாடி உட்கார வெச்சா "நெகோஷியேஷன்"னு ஒரு வார்த்தைய பாத்துட்டு "அது பெரிய ஆளுங்க பண்றது மேம்"னு தாண்டிப் போயிடுவா. அதுக்கு பதிலா தேடுற பெட்டில ஈவண்ட் பிளானர்னு அடிச்சு அந்தத் தொழிலோட பக்கத்துக்குப் போயி டாஸ்க்ஸ் பகுதிய மட்டும் படிக்கச் சொன்னேன். அங்க என்ன இருக்கும்னா, நிகழ்ச்சி எதுக்காக நடக்குது என்ன தேவைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிறது, தங்குற இடம் வண்டி ஏற்பாடு மாதிரி சர்வீஸ்களை ஒருங்கிணைக்கிறது, வெளி ஆளுங்களோட விலை பேசி ஒப்பந்தம் போடுறது, நிகழ்ச்சி நடக்குறப்ப எல்லாம் சரியா போகுதான்னு கண்காணிக்கிறது, பில்லெல்லாம் சரியான்னு பாத்து பேமண்ட்டுக்கு ஓகே பண்றது. இப்படி வரிவரியா, எல்லாம் இங்கிலீஷ்ல வினைச்சொல்லுல ஆரம்பிக்கிற வாக்கியம். படிக்கப் படிக்க அந்தப் பொண்ணு "மேம் இது நான் பண்ணேன், இதுவும் நான்தான் பண்ணேன், பந்தல்காரர்கிட்ட பேசி ரேட் குறைச்சது நான்தான்"னு சொல்லிக்கிட்டே டிக் போடுறா. நெகோஷியேஷன்னு பேரு வெச்சப்ப தெரியாத விஷயம், வேலையா எழுதிக் காட்டினதும் தெரிஞ்சுடுச்சு. இத நான் திரும்பத் திரும்ப பாத்திருக்கேன், ஸ்கில்லோட பேர விட வேலையோட வாக்கியத்துலதான் பசங்க தங்களை அடையாளம் கண்டுபிடிக்கிறாங்க.

சொல்லிக் குடுக்குற பசங்களுக்கு ட்யூட்டர்ஸ்ங்கிற பக்கம் அருமையா பொருந்தும். படிக்கிறவங்க எந்த அளவுல இருக்காங்கன்னு மதிப்பிடுறது, ஊக்கப்படுத்தி கருத்து சொல்றது, கணக்க படிப்படியா போட்டுக் காட்டுறது, இதெல்லாம் அங்க தனித்தனி வேலையா இருக்கு. வீட்டுக் கடைல கணக்கு எழுதுற பையன் புக் கீப்பிங் க்ளார்க் பக்கத்துக்குப் போனா பதிவெல்லாம் சரியா விழுந்திருக்கா, கூட்டல் சரியான்னு சரிபாக்குறது ஒரு டாஸ்க்கா நிக்கும், அவன் அத சின்ன வயசுலேர்ந்து பண்ணிட்டு இருப்பான், ஆனா "கடைல இருந்தேன்"னு ஒரு வார்த்தைகூட ரெஸ்யூம்ல வராது, வெக்கப்பட்டு விட்டுடுவான். வெக்கப்பட என்ன இருக்கு? காசு கைல வாங்கி, பொருள் குடுத்து, ராத்திரி கணக்கு முடிச்சு, கோபமா வர்ற ஆள சமாதானம் பண்ணி அனுப்புறவனுக்கு, கிளாஸ்ல மட்டும் உட்கார்ந்து வந்தவனுக்குத் தெரியாத நாலு விஷயம் தெரியும்.

டாஸ்க்ஸ் பகுதில ஒரு விஷயம் கவனிங்க, டீட்டெய்ல்ஸ் வியூ போட்டா ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு முக்கியம்னு ஒரு நம்பர் வரும், இது முக்கிய வேலை இது துணை வேலைன்னும் பிரிச்சிருப்பாங்க. பையன் டிக் போட்டதெல்லாம் துணை வேலையாவே இருந்தா அதையும் அவன்கிட்ட சொல்லணும். ஈவண்ட்ல நாற்காலி போட்டது வேலைதான், ஆனா ஈவண்ட் நடத்துனேன்னு சொல்லிக்க அது பத்தாது. தைரியம் குடுக்குற அதே பக்கம் அளவையும் காட்டுறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

எந்தத் தொழில்னே தெரியாம இருக்குறவங்களுக்கு ஜாப் டியூட்டீஸ்னு ஒரு தேடல் இருக்கு, அதுல நாம பண்ண வேலைய நம்ம வார்த்தைல, இங்கிலீஷ்லதான், அடிச்சா அதுக்குக் கிட்டத்தட்ட பொருந்துற வேலைகளையும் அது எந்தெந்தத் தொழில்ல வருதுங்கிறதையும் எடுத்துக் காட்டும். ஒரு தடவை ஒரு பையன் ப்ராஜெக்ட்டுக்காக நிறைய பேர்கிட்ட கேள்வித்தாள் குடுத்து பதில் வாங்கித் தொகுத்தத அடிச்சான், அவன் எதிர்பாத்தது ஒரு தொழில், வந்தது மார்க்கெட் ரிசர்ச், சர்வே ரிசர்ச், இன்னும் கேள்வியே படாத பல தொழில். ஒரே வேலை இத்தன இடத்துல செல்லும்னு அவனுக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது. படிச்ச டிகிரிக்கு ஒரே ஒரு வாசல்தான்னு நினைச்சுட்டு இருக்குற பசங்களுக்கு இந்தத் தேடல் கண்டிப்பா காட்டுங்க.

இப்ப ஸ்கில்ஸ் பகுதி ஏன் கம்மின்னு சொல்றேன். டாஸ்க், அறிவு, வேலைச் சூழல் இதெல்லாம் பெரும்பாலும் அந்த வேலைல இருக்குறவங்ககிட்டயும் அந்தத் துறை நிபுணர்கள்கிட்டயும் கேள்வித்தாள் குடுத்து வாங்குன டேட்டா. ஸ்கில்ஸ் மதிப்பெண் அப்படி இல்ல, ட்ரெயினிங் எடுத்த அனலிஸ்டுகள் அந்தத் தொழில் பத்தின தகவல படிச்சுட்டு போடுறது. அது தப்புன்னு சொல்லல, ஒரே சீரா இருக்கும்ங்கிறது அதோட நன்மை. ஆனா பசங்க கண்ணுல பாத்தா என்ன ஆகுதுன்னா எந்தப் பக்கம் போனாலும் மேல நிக்கிறது ஆக்டிவ் லிஸனிங், ஸ்பீக்கிங், ரீடிங் காம்ப்ரிஹென்ஷன், கிரிட்டிகல் திங்கிங், இதே நாலுதான் முன்ன பின்ன மாறி மாறி வரும். நர்ஸுக்கும் அது, மேனேஜருக்கும் அது. அத பாத்துட்டு பசங்க அப்படியே நாலையும் ரெஸ்யூம்ல இறக்கிடுறாங்க, பழைய "குட் கம்யூனிகேஷன்" இப்ப புதுப் பேருல வந்து உட்கார்ந்துக்குது, அவ்வளவுதான். அந்தப் பகுதிய யூஸ் பண்ணியே ஆகணும்னா மேல இருக்குற நாலஞ்ச விட்டுட்டு, ஒரு தொழில்ல இருந்து இன்னொரு தொழிலுக்கு எது மாறுதோ அத மட்டும் பாருங்க.

ஆனா ஸ்கில்ஸ் சம்பந்தமாவே வேற இடத்துல மறைஞ்சிருக்குற ஒரு பொக்கிஷம் இருக்கு, அத யாரும் பேசறதே இல்ல. ஓநெட் ரிசோர்ஸ் சென்டர்னு தனியா ஒரு சைட், அதுல அவங்க டேட்டா எடுக்குற கேள்வித்தாளையே பிடிஎஃப்பா போட்டு வெச்சிருக்காங்க. அதுல ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் 1ல இருந்து 7 வரைக்கும் ஒரு கோடு, கோட்டுல நடுநடுவுல உதாரணம். நெகோஷியேஷன எடுத்துக்கிட்டா கீழ் மட்டத்துல என்ன இருக்குன்னா வேலை நேரத்த மாத்திக்கணும்னு மேனேஜர்கிட்ட காரணம் சொல்லிக் கேக்குறது. நடுவுல மொத்த வியாபாரியோட ஒரு விலைக்கு ஒப்பந்தம் போடுறது. மேல ஒரு நாட்டோட தூதரா புது உடன்படிக்கைக்குப் பேச்சுவார்த்தை நடத்துறது. ரைட்டிங்ல கீழ ஃபோன்ல வந்த செய்திய குறிச்சு வெக்கிறது, நடுவுல புது உத்தரவுகளை விளக்கி ஊழியர்களுக்கு மெமோ எழுதுறது, மேல பிரசுரத்துக்கு ஒரு நாவல் எழுதுறது. டைம் மேனேஜ்மெண்ட்ல கீழ மாச காலண்டர் போட்டு வெச்சுக்கிறது, நடுவுல நமக்குக் கீழ இருக்குறவங்களுக்கு அடுத்த வார நேரத்த பிரிச்சுக் குடுக்குறது.

இத ஒரு பேப்பர்ல எடுத்து பசங்க கைல குடுத்து "நீ எங்க நிக்கிற, அதுக்கு என்ன ஆதாரம்"னு கேட்டுப் பாருங்க. பத்துக்கு எட்டுன்னு சும்மா மார்க் போட்டுக்குற பழக்கம் அங்கேயே நின்னுடும். ஃபங்ஷன் பொண்ணு பந்தல்காரர்கிட்ட பேசினது நடு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, தெளிவா தெரியுது, அவளே சொல்லுவா. கம்யூனிகேஷன் எக்ஸலண்ட்னு போட்ட பையன், சுப்ரீம் கோர்ட்ல வாதாடுறத ஸ்பீக்கிங்கோட மேல் மட்டமா பாத்ததும் தன்னோட செமினார எங்க வைக்கிறதுன்னு நிதானமா யோசிக்கிறான். யாரும் அவன மட்டம் தட்டல, உயர்த்தியும் பேசல, கோடு இருக்கு உதாரணம் இருக்கு அவனே நின்னு பாத்துக்குறான். அடுத்த படிக்குப் போகணும்னா என்ன மாதிரி வேலை எடுத்துப் பண்ணனும்ங்கிறதும் அந்தக் கோட்டுலயே இருக்குறதால ஸ்கில் வளக்குறதுக்கும் அதுவே வழிகாட்டி ஆயிடுது. செமஸ்டர் ஆரம்பத்துல ஒருதடவ முடிவுல ஒருதடவ பண்ணா நகர்வு கண்ணுக்குத் தெரியும்.

டெக்னாலஜி ஸ்கில்ஸ்னு ஒரு லிஸ்ட் வரும், அது நீளம்னா நீளம், பாத்து மிரண்டுடாதீங்க. வேலை விளம்பரங்கள்ல அடிக்கடி கேக்குற சாஃப்ட்வேருக்கு ஹாட் டெக்னாலஜின்னு ஒரு அடையாளமும், அந்தத் தொழிலுக்கே அதிகமா கேட்டா இன் டிமாண்ட்னு இன்னொரு அடையாளமும் போட்டிருப்பாங்க, ரெண்டாவது அடையாளம் இருக்குறத மட்டும் பாத்தா போதும். லிஸ்ட்ல இருக்குறதுக்கெல்லாம் சர்டிபிகேட் வாங்கணும்னு ஓடாதீங்க ப்ளீஸ், ஒரு எக்ஸெல் ஷீட்ட வெச்சு உண்மையா ஒருத்தரோட பிரச்சனைய தீத்துக் குடுத்தவன் சொல்ற கதை சர்டிபிகேட் கட்டை விட இன்டர்வியூல நல்லா நிக்கும்.

மை நெக்ஸ்ட் மூவ்னு இதே டேட்டாவ எளிமையா காட்டுற தம்பி சைட் ஒண்ணு இருக்கு, 2011ல வந்தது. வாக்கியமெல்லாம் சின்னது, ஒரு தொழிலுக்கு ஒரே பக்கம், முதல் வருஷப் பசங்களுக்கு அதுவே போதும். அதுக்குள்ள இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலர்னு 60 கேள்வி இருக்கு, ஜான் ஹாலண்ட்ங்கிற உளவியலாளரோட ஆறு வகை விருப்பக் கோட்பாட்ட வெச்சு பண்ணது. ஒவ்வொரு வேலையும் பிடிக்குமா பிடிக்காதான்னு கேக்கும், கடைசில ஆறு வகைக்கும் மார்க் வரும், அதுல ஒரு வகை சோஷியல், அதாவது அடுத்தவங்களுக்கு உதவுறது சொல்லிக் குடுக்குறது மாதிரி வேலைகள். பசங்க இத ஆசையா பண்ணுவாங்க, பண்ணட்டும், பேச்சு ஆரம்பிக்க நல்லது. ஆனா அது விருப்பத்த மட்டும்தான் சொல்லுது, உனக்கு அது வருமா வராதான்னு சொல்லல, இத ஒவ்வொரு தடவையும் அழுத்தி சொல்ல வேண்டியிருக்கு. "சோஷியல்ல கம்மி மார்க் வந்துடுச்சு மேம் அப்ப நான் டீச்சர் ஆக முடியாதா"ன்னு ஒரு பொண்ணு வாடிப் போயி கேட்டா. அப்படியெல்லாம் இல்லம்மா, இன்னைக்கு உனக்கு எது பிடிச்சிருக்குன்னு நீ சொன்னத அது திருப்பிச் சொல்லுது, அவ்வளவுதான்.

குறைகள். முதல் குறை மொழி. மை நெக்ஸ்ட் மூவுக்கு ஸ்பானிஷ் வடிவம் இருக்கு, தமிழ் இல்ல. டாஸ்க் வாக்கியங்கள் ஆபீஸ் இங்கிலீஷ்ல இருக்கும், தமிழ் வழில படிச்சு வந்த பசங்க முதல்ல தடுமாறுவாங்க. நான் பண்றது என்னன்னா ரெண்டு பேர் ரெண்டு பேரா உட்கார வெச்சு ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழ்ல சொல்லிக்கச் சொல்றது, சொல்லிக்கிறப்பவே தான் பண்ண வேலை ஞாபகம் வந்துடும், அதனால இந்தக் குறைல இருந்து ஒரு நல்லதும் நடக்குது. ரெண்டாவது, சம்பளம், வேலை வளர்ச்சிக் கணிப்பு, லைசென்ஸ் விவரம் எல்லாம் அமெரிக்காவுக்கானது, அத பாத்து யாரும் கனவு காணவும் வேண்டாம் பயப்படவும் வேண்டாம், அந்தப் பகுதிய மூடிடுங்க. மூணாவது, புதுசா முளைக்கிற வேலைகள் இதுல வந்து சேர நாளாகும், அதுவும் பக்கம் வந்தாலும் டேட்டா நிரம்ப இன்னும் நாளாகும்.

இந்த மூணையும் விட பெரிய குறை, இங்க உங்களப் பத்தி எதையும் சேத்து வெக்க முடியாது. நீங்க டிக் போட்டது எங்கயும் நிக்காது, அது தொழில்களோட டேட்டாபேஸ், உங்க டேட்டாபேஸ் இல்ல. அத நீங்கதான் தனியா எழுதி வெக்கணும். நான் சொல்றது ரொம்ப சாதாரணமான முறை. ஒரு நோட்டு, இல்ல ஃபோன்ல ஒரு ஃபைல். எந்த வேலை, நிலைமை என்னவா இருந்துச்சு, நான் என்ன பண்ணேன், நாங்கன்னு எழுதக் கூடாது நான்னு எழுதணும், அதனால என்ன மாறுச்சு, அத யார் பாத்தாங்க, கைல என்ன ஆதாரம் இருக்கு. இன்டர்வியூக்கு சொல்லிக் குடுக்குற ஸ்டார் முறை (சிச்சுவேஷன், டாஸ்க், ஆக்‌ஷன், ரிசல்ட்) கிட்டத்தட்ட இதேதான், நான் அதோட பாத்தவங்க யாரு ஆதாரம் என்னங்கிறத சேத்திருக்கேன், ஏன்னா ரெண்டு வருஷம் கழிச்சு ரெஃபரன்ஸ் கேக்குறப்ப யாரோட பேர குடுக்குறதுன்னு தெரியாம பசங்க தவிக்கிறாங்க. வாரக் கடைசில பத்து நிமிஷம் போதும், ஆனா முதல் வருஷமே ஆரம்பிக்கணும். கடைசி வருஷம் வந்து யோசிச்சா பாதி மறந்துடும், மீதிய கற்பனைல நிரப்ப வேண்டியிருக்கும், அது இன்டர்வியூ பண்றவருக்கு உடனே தெரிஞ்சுடும்.

வித்தியாசம் எப்படி இருக்கும்னு காட்டுறேன். முன்னாடி: "நல்ல தலைமைப் பண்பு, குழுவாக வேலை செய்யும் திறன்." பின்னாடி: "துறை விழாவுக்கு வரவு செலவு பொறுப்பு, மூன்று இடங்களில் விலை கேட்டு ஒப்பிட்டு பந்தல் செலவைக் குறைத்தேன், எல்லா பில்லையும் சரிபார்த்து விழா முடிந்த வாரமே கணக்கை ஒப்படைத்தேன்." ரெண்டாவதுல தலைமைப் பண்புங்கிற வார்த்தையே இல்ல, ஆனா படிக்கிறவங்களுக்கு அது தெரியுது. இன்னும் விவரமா நம்பர் கேட்டா அந்தப் பொண்ணுகிட்ட நோட்டுல இருக்கு, தடுமாற மாட்டா.

இதே வகைல ஐரோப்பியக் கமிஷனோட எஸ்கோன்னு ஒண்ணு இருக்கு, 2017ல முழு வடிவம் வந்துச்சு, சுமார் 3,000 தொழில், 13,000க்கு மேல ஸ்கில். ஒரு தொழிலுக்கு எது கட்டாயம் எது விருப்பம்னு பிரிச்சுக் காட்டுறது அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், பல ஐரோப்பிய மொழிகள்லயும் இருக்கு. ஆனா வேலைய வாக்கியமா விவரிக்கிறதுல ஓநெட் அளவுக்கு ஆழம் இல்ல, லெவல் கோடும் இல்ல. யூரோபாஸ்ங்கிற அவங்க ஃப்ரீ ப்ரொஃபைல் பக்கத்துல நம்ம அனுபவத்த சேமிச்சு வெக்கலாம், அந்த ஒரு விஷயத்துல அவங்க முன்னாடி நிக்கிறாங்க. காசு வாங்கிட்டு உனக்கு எம்ப்ளாயபிலிட்டி 72ன்னு ஒரு ஸ்கோர் அனுப்புற சர்வீஸ்களப் பத்தியும் நிறைய பேர் கேக்குறாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், அந்த 72 எதுலேர்ந்து வந்துச்சுன்னு உங்களுக்குக் காட்டுறாங்களா? காட்டலன்னா அந்த நம்பர வெச்சு பையன் நாளைக்கு என்ன பண்ணனும்னு அவனுக்குத் தெரியாது, அப்புறம் அது எதுக்கு. கோர்ஸ் முடிச்சா ஆன்லைன்ல படமா குடுக்குற டிஜிட்டல் பேட்ஜுக்கும் இதே கேள்விதான். மொஸில்லா 2011ல ஆரம்பிச்ச ஓப்பன் பேட்ஜ் முறைல, படத்துக்குள்ளயே யார் குடுத்தாங்க, என்ன தகுதிக்குக் குடுத்தாங்க, ஆதாரம் என்னங்கிறத பதிச்சு வெக்கலாம். பேட்ஜ க்ளிக் பண்ணிப் பாருங்க, தகுதிங்கிற இடத்துல வீடியோவ முழுசா பாத்தார்னு மட்டும் இருந்தா அது பாத்ததுக்கான சான்று, செஞ்சதுக்கான சான்று இல்ல.

ஆசிரியர்களுக்கு தனியா ஒரு வேண்டுகோள். இத ப்ளேஸ்மெண்ட் செல் பாத்துக்கும்னு விட்டுடாதீங்க, கடைசி வருஷம் நாலு நாள் ட்ரெயினிங்ல இது நடக்காது. பசங்க திறமைய வளத்துக்குறது உங்க லேப்லயும் அசைன்மெண்ட்லயும்தான், ஆனா அத யாரும் வாய் விட்டு சொல்றதில்ல. மேரி ஆன் விங்கில்மெஸ் ஆரம்பிச்ச ட்ரான்ஸ்பரன்ஸி இன் லேர்னிங் அண்ட் டீச்சிங்னு ஒரு முயற்சி இருக்கு, அதுல அசைன்மெண்ட் குடுக்குறப்பவே நோக்கம் என்ன, செய்ய வேண்டிய வேலை என்ன, எத வெச்சு மதிப்பிடுவோம்னு மூணையும் எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. அந்த நோக்கம்ங்கிற வரில ஓநெட்ல இருந்து பொருத்தமான ஒரு டாஸ்க் வாக்கியத்த எடுத்துப் போட்டா போதும். லேப் ரெக்கார்ட் எழுதுறது வெறும் மார்க்குக்குன்னு நினைச்சுட்டு இருக்குற பையனுக்கு, இன்னொருத்தர் திரும்பச் செஞ்சு பாக்குற மாதிரி ஒரு சோதனைய எழுதி வெக்கிறதுதான் இங்க நடக்குதுன்னு தெரிஞ்சா அவன் எழுதுற விதமே மாறும், நான் பாத்திருக்கேன். கம்ப்யூட்டர் துறைல இருக்குறவங்களுக்கு இன்னொண்ணு, மொத்த டேட்டாபேஸும் ஃப்ரீயா டவுன்லோட் பண்ணலாம், பேர் குறிப்பிட்டா தாராளமா யூஸ் பண்ணிக்கலாம்ங்கிற க்ரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இருக்கு, இத வெச்சு டாஸ்க் வாக்கியங்களை தமிழ்ல கொண்டு வர்ற ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ட யாராவது எடுத்துப் பண்ணா எத்தனையோ பசங்களுக்கு உதவும்.

என் மார்க்: டாஸ்க்ஸ் பகுதிக்கும் லெவல் கேள்வித்தாளுக்கும் அஞ்சுக்கு அஞ்சு, ஜாப் டியூட்டீஸ் தேடலுக்கு நாலரை, இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலருக்கு மூணு, ஸ்கில்ஸ் பகுதிக்கு ரெண்டரை. ஃபோன்ல பாக்குறவங்க மை நெக்ஸ்ட் மூவ யூஸ் பண்ணுங்க, ஓநெட் ஆன்லைனோட டீட்டெய்ல்ஸ் வியூ சின்ன ஸ்க்ரீன்ல படிக்க கஷ்டம், காலேஜ் லேப்லயோ லைப்ரரிலயோ உட்கார்ந்து பாருங்க. முதல் தடவை போறப்ப கூட ஒரு ஃப்ரெண்ட கூட்டிட்டுப் போங்க, நீங்க பண்ணத நீங்க மறந்திருப்பீங்க, "டேய் அது நீதானடா பண்ண"ன்னு சொல்ல பக்கத்துல ஒரு ஆள் இருந்தா டிக் இன்னும் நாலு கூடுதலா விழும்.